என்ஜினை நிறுத்தி இறங்கிய பாதை

"அமுக்குங்க வாப்பா."

"அமுக்கிட்டேன்."

"காலை எடுக்காதீங்க."

வேனுக்கு அடியில் படுத்துத் திருகாணியைத் தளர்த்தினேன். ரப்பர் குழாயில் முதலில் குமிழிகள் வந்தன. பிறகு எண்ணெய் மட்டும் வந்தது. பிரேக்கில் காற்று எடுக்க இரண்டு பேர் வேண்டும். அதுதான் நாங்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை. அந்த வாரமே, கடையைத் திறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர் எழுந்திருக்கவில்லை.

என் வாப்பா ஷுக்ரிக்கு ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில் சில்லறைக் கடை. பதுளை டவுனிலிருந்து சாமான் ஏற்ற வாங்கிய பழைய வேனில்தான் நான் டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தோட்டப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. மேல் லயத்துக் குடியிருப்பில் இருந்த தோட்டத் தொழிலாளி இராயப்பனின் மகள் றீட்டாவையும் வாப்பா ஏற்றிக்கொண்டார். வேன் இல்லாவிட்டால் அவளுக்குப் படிப்பு இல்லை.

எழுபத்து நான்கில் பெற்றோல் விலை ஏறியது. பதுளை வரை இறக்கம்தானே என்று வாப்பா என்ஜினை நிறுத்தி, கியரில் போடாமல் வேனை உருளவிடத் தொடங்கினார். அந்தப் பாதையில் பலரும் அப்படித்தான் ஓட்டினார்கள்.

என்ஜின் சத்தம் அடங்கிவிடும். மூடுபனிக்குள் உருளும் சில்லில் கல் தெறிப்பது மட்டும் கேட்கும். நானும் றீட்டாவும் மலைப்பக்கமாக ஒட்டி உட்காருவோம். பள்ளம் மறுபக்கம் வந்தால் நாங்களும் மாறி உட்காருவோம். அவள் மாதாவை வேண்டுவாள். நான் கலிமா சொல்வேன்.

"மொதலாளி, ஒங்க வேன் என்னா பேயா? சத்தமே இல்லாம வருது" என்பாள் றீட்டா.

"பேய்க்குப் பெற்றோல் ஊத்தத் தேவயில்ல புள்ள. லாபம்தானே."

சிரிப்பார். ஆனால் கைப்பிரேக்கிலிருந்து கையை எடுக்கமாட்டார். அவர் உதடுகளும் அசைவதைக் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

ஒரு மழைக்காலக் காலையில் பிரேக் பெடல் அடிவரை போனது. இறக்கம் முழுவதும் பிரேக்கை மட்டும் நம்பினால் டிரம் சுட்டு, எண்ணெய் கொதித்து ஆவியாகும். மிதித்தாலும் பிடிக்காது. இது நான் பிற்பாடு தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தது. அன்று வேனுக்குள் யாருக்கும் தெரியாது. வாப்பா கியரைப் போட்டுப் பார்த்தார், விழவில்லை.

"குனிங்க! ரெண்டு பேரும் குனிங்க!"

வாப்பா வேனை மலைச்சரிவில் உரசவிட்டார். முன்சில்லு பாதையோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி நின்றது. றீட்டாவின் நெற்றி பிளந்திருந்தது. என் சட்டையால் அதை அழுத்திக் கட்டிவிட்டு, வாப்பா பாதையோரத்தில் குந்தி வாந்தி எடுத்தார்.

பின்னேரம் இராயப்பன் கடைக்கு வந்தார். ஏசியிருந்தால் வாப்பா தாங்கியிருப்பார்.

"இனிமே புள்ளைய அனுப்பலைங்க மொதலாளி. உசுரு இருந்தா கொழுந்து பறிச்சாவது பொழைச்சுக்கும்."

அதன்பிறகு வாப்பா இறக்கத்தில் ஒருநாளும் என்ஜினை நிறுத்தவில்லை. இரண்டாம் கியரில் ஊர்ந்து போவோம். நான் மட்டும், அப்போதும் மலைப்பக்கமாக.

"இராயப்பன்கிட்ட ஒருக்கா போய்ப் பேசணும். இப்ப பயமில்ல, புள்ளைய அனுப்புங்கன்னு சொல்லணும்" என்பார்.

"போறதுண்டா போங்களே. மேல் லயம் என்ன மக்கத்திலயா இருக்கு?" என்பார் உம்மா.

"ஜும்ஆ முடிஞ்சு போறேன்."

அடுத்த தவணை தொடங்கியது. பிறகு றீட்டா, காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டில் பேர் கொடுத்துக் கொழுந்து பறிக்கப் போனாள். கூடையோடு அவள் கடையைக் கடக்கும் நேரத்தில் வாப்பா உள்ளே போய்விடுவார்.

"அந்த மனுசன்ட முகத்தப் பார்க்க ஏலாது மகன்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். வேறொரு முறை, வரும் வெள்ளிக்கிழமை கட்டாயம் போவதாகச் சொன்னார்.

போகவில்லை.