ஏட்டு கையில் என் ஏர் பிஸ்டல்

எல்லாரும் படிக்கட்டும் என்று வாசகசாலைப் பலகையில் இதை எழுதுகிறேன்.

கொல்லாம்பழம் என்னும் முந்திரிப்பழத்தைத் தின்னும் வௌவால்களை விரட்ட என்னிடம் ஓர் ஏர் பிஸ்டல் உண்டு. அதற்குக் குறிபார்க்கும் கண்ணாடி பொருத்த இன்று மார்த்தாண்டம் போனேன். வாட்ச் ரிப்பேர்க்காரர் பழைய ரைஃபிளின் கண்ணாடிக்குழல் ஒன்றை மாட்டிக் கொடுத்தார்.

கையை நீட்டிப் பிடித்தால் குழலுக்குள் ஒரே இருட்டு. கண்ணருகே கொண்டுவந்து தெருவைப் பார்த்தேன். குழல் நிறைய ஒரு மீசை தெரிந்தது.

போலீஸ் ஏட்டின் மீசை.

போலீஸைக் கண்டாலே கடையடைக்கும் நாட்கள் இவை. அவர் நேரே என்னிடம் வந்தார்.

"என்னடே இது?"

"வௌவாலுக்கு, ஏமானே."

பிடுங்கி, கையை நீட்டி, என் நெஞ்சுக்கு நேரே குறிபார்த்தார். விரல் குதிரையில் இருந்தது.

"ஒண்ணும் தெரியேல்லியே!"

காலையில் போட்ட ஈயக்குண்டு உள்ளேயே இருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சொன்னால், குண்டு போட்ட பிஸ்டலை ஏட்டுக்கு நேரே நீட்டியவன் ஆவேன். சொல்லாவிட்டால் நெஞ்சு.

"குழலை மட்டும் கழத்திப் பாருங்க ஏமானே, நல்லாத் தெரியும்," என்றேன்.

வாட்ச் கடைக்காரர் பிஸ்டலை மெல்ல வாங்கி, குழலைக் கழற்றிக் கொடுத்தார். ஏட்டு அதைக் கண்ணில் வைத்துச் சந்தையைப் பார்த்தார்.

"கொள்ளாமே!" என்று மெச்சினார். குழலோடு போயே விட்டார்.

ஏர் பிஸ்டலுக்கு எந்தக் கண்ணாடி பொருந்தும் என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். ஏட்டிடம் போய்க் குழலைக் கேட்கத் துணிந்தவர்கள் பெயரோடு எழுதுங்கள்.

நான் பெயர் எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.