புளிக்கும் இலை

ரொம்மனில் ஒரு பாலர் பள்ளியில் உதவியாளராகச் சேர்ந்து அது மூன்றாவது கிழமை. நோர்வேக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. வியாழக்கிழமைகளில் பிள்ளைகளைக் காட்டுக்குக் கூட்டிப்போவோம். வெஸ்ட்லி குடியிருப்புக்குப் பின்னால் ஏறும் பாதையில் மரங்கள் விலகிச் சின்னப் புல்வெளி ஒன்று வரும். அங்கேதான் மதியத்துக்குக் கட்டிவந்த பாண் சாப்பாடு.

அன்று நான்கு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி புல்லுக்குள் குந்தியிருந்து எதையோ மென்றுகொண்டிருந்தாள். கிட்டப் போனேன். அம்பு முனை போன்ற நீள இலைகளைக் கொத்தாகப் பிடுங்கி வாய்க்குள் திணித்திருந்தாள். பக்கத்தில் துருநிறப் பூந்தண்டுகள் அவள் தோளுயரத்துக்கு நின்றன. வேலைக்குச் சேர்ந்தபோது நச்சுச் செடிகளின் படம் போட்ட தாள் ஒன்று தந்திருந்தார்கள். அதில் இது இருந்ததா என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

"துப்பு! துப்பு!" பதற்றத்தில் தமிழ்தான் வந்தது. அவள் விழித்தாள். நான் வாய்க்குள் விரலை விட்டு இலையைத் தோண்டினேன். விரலை நறுக்கென்று கடித்துவிட்டு ஓவென்று அழுதாள்.

என்னோடு வேலை செய்த நோர்வேக்காரி ஓடிவந்தாள். "விஷம்" என்று இலையைக் காட்டினேன். அவள் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தன் வாயில் போட்டு மென்றாள்.

"இது எங்ஸீரே, புளிப்புக் கீரை. சின்ன வயதில் நாங்கள் எல்லாரும் தின்றதுதான். நிறையத் தின்றால் வயிறு வலிக்கும், அவ்வளவுதான்."

அவள் சிரிக்காதது ஆறுதலாக இருந்தது. நானும் ஒன்றைக் கடித்தேன். புளியாரையை விடக் கடும் புளிப்பு. கண் தானாகச் சுருங்கிவிட்டது. என் முகத்தைப் பார்த்து அந்தப் பிள்ளை அழுகையை நிறுத்தினாள். ஆனாலும் இறங்கி வரும்போது என் கையைப் பிடிக்க மாட்டேன் என்றுவிட்டாள்.

பின்னேரம் பிள்ளையைக் கூட்டிப்போகத் தாய் வந்தாள். காட்டிலிருந்து திரும்பும் வழி முழுக்க மனத்துக்குள் சொல்லிப் பார்த்த நோர்வேஜிய வசனங்கள் பாதியில் தடுக்கின. அவளோ என் விரலைப் பார்த்து, "வலிக்கிறதா?" என்று கேட்டாள். பிறகு மகளின் தலையைத் தடவி, மன்னிப்புக் கேள் என்றாள். பிள்ளை தாயின் கால்சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. நான்தான் மன்னிப்புக் கேட்டேன்.

அன்றைக்கே ஒரு பை நிறைய அந்த இலையைப் பிடுங்கி வந்திருந்தேன். இரவுக்குப் பருப்போடு போட்டுக் கடைந்தேன். பச்சைப் பசேலென்று இருந்த இலை சூடு பட்டதும் சேற்று நிறமாகிவிட்டது.

கணவர் சட்டியை எட்டிப் பார்த்தார். "என்னப்பா இது, இப்பிடிக் கறுத்துப்போய்க் கிடக்கு?"

"காட்டுக் கீரை. சாப்பிட்டுப் பாருங்கோ."

"ஆர் சொன்னது சாப்பிடலாமெண்டு?"

"நாலு வயசுப் பிள்ளை ஒண்டு."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு நுனிவிரலால் தொட்டு நக்கினார். "பழப்புளி விட்டனீரோ?"

"ஒரு சொட்டும் விடேல்லை."

இரண்டாம் முறையும் சோறு போட்டுக்கொண்டார். நான் அன்று நடந்ததை ஒன்றும் விடாமல் சொல்லத் தொடங்கினேன்.