மஞ்சள் வட்டமும் ஒரு சிமென்ட் கல்லும்

அவர் நகராட்சியில் நடைபாதை மேற்பார்வையாளராக இருபது வருடம் ஓட்டிவிட்டார். நடைபாதை எங்கே உடைந்திருந்தாலும் சுற்றி மஞ்சள் பெயின்டால் வட்டம் போட்டு, எழுதி அனுப்புவார். சரிசெய்வது வேறு பிரிவு. அவர்கள் அசைந்து கொடுப்பதற்குள் பெயின்ட் வெளுத்துவிடும். மனுஷன் மறுபடி டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார். ஊரில் அவருக்குப் பெயரே 'மஞ்சள் சார்'.

அவருடைய அக்காவுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். கைத்தடியைத் தட்டிக்கொண்டு தனியாகத்தான் போவாள். யாராவது துணைக்கு வந்தால் கோபம் பொத்துக்கொண்டு வரும். அவள் போகிற வழியில் ஒரு சாக்கடை மூடி உடைந்து வாயைப் பிளந்து கிடந்தது.

"வட்டம் போட்டாச்சுக்கா."

"ரொம்ப சந்தோஷம். மஞ்சள்னா எப்படியிருக்கும்னு அப்படியே சொல்லிட்டுப் போ."

முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வார், பாவம்! நாலு தடவை எழுதினார். 'வரிசையில் உள்ளது' என்றே நாலு பதிலும் வந்தது. கடைசியில் ஒரு சிமென்ட் கல்லைச் சுமந்துபோய்ப் பள்ளத்துக்கு முன்னால் வைத்தார்.

"தடியில கல்லு தட்டினா இடது பக்கம் விலகிக்கோக்கா. அதுவரைக்கும் தைரியமா நட."

மூன்று வாரம் அக்கா வீசி நடந்தாள். "இப்பத்தான்டா உருப்படியா ஒரு வேலை பண்ணியிருக்கே" என்றாள். அவருக்குத் தலைகால் புரியவில்லை.

திங்கட்கிழமை ஆக்கிரமிப்பு அகற்றும் ஆட்கள் அந்தத் தெருவுக்கு வந்தார்கள். விளம்பரப் பலகை, பூந்தொட்டி எல்லாவற்றையும் லாரியில் ஏற்றியவர்கள் அந்தக் கல்லையும் ஏற்றினார்கள். பள்ளத்தைத் தொடவில்லை; அதற்குத்தான் வட்டம் இருக்கிறதே, அது வேறு பிரிவின் தலைவலி. அந்தத் தெருவுக்குத் தேதி குறித்துக் கையெழுத்துப் போட்டது மஞ்சள் சாரேதான். கல் அவர் நினைவுக்கே வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை அக்கா பள்ளத்தில் விழுந்தாள். வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியிலேயே காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தாள்.

"முன்ன மாதிரி தடவித் தடவி வந்திருந்தா விழுந்திருக்க மாட்டேன்டா. கல்லு வரும் வரும்னு வேகமா வந்துட்டேன். யாருடா எடுத்தா அதை?"

அவர் வாயைத் திறப்பதற்குள் கைபேசி அடித்தது. லாரி ஆட்களின் தலைவர்.

"சார், அந்தத் தெரு நேத்தே முடிஞ்சுது. கண்ணு தெரியாதவங்க நடக்கற பாதை, ஒரு கல்லுகூட இருக்கக் கூடாதுன்னு நீங்க சொல்வீங்களே, அப்படியே துடைச்சு வெச்சிட்டோம்."

ஆபரேட்டர் காது. ஒரு சொல் விடாமல் கேட்டுவிட்டது.

"அவங்களைத் திட்டாதேடா" என்றாள் அக்கா. "நல்லா சொல்லிக் கொடுத்திருக்கே."

அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. யார்மேல் கோபப்படுவது என்றுகூடத் தெரியவில்லை. மறுநாள் காலை பள்ளத்தருகே போய்ப் பார்த்தார். வட்டம் வெளுத்துப் போயிருந்தது. குந்தி உட்கார்ந்து மறுபடி மஞ்சள் அடித்தார்.