கரையிலிருந்து கப்பலுக்கு

துறைமுகத்தில் இடம் கிடைக்காமல் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களுக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறார் சூடாமணி. மனசுக்குள்தான். காலை ஆறரை மணி, பட்டினப்பாக்கம் மணல். இடப்பக்கக் கப்பலில் செம்புத் தகடு, அடுத்ததில் துத்தநாகக் கட்டி, கடைசியில் மங்கலாகத் தெரிவதில் காற்றாலை இறக்கைகள். ஐம்பத்தெட்டு வயதாகிறது, ஒரு கப்பலிலும் கால் வைத்ததில்லை.

மயிலாப்பூரில் வீடு. கப்பல், மின்சாரம், உலோகம் பற்றிய கையேடுகளைத் தமிழாக்குவது பிழைப்பு. சாம்பார் கொதிக்கும்போதும் ஏதாவது ஒரு சொல் வாய்க்குள் உருண்டுகொண்டிருக்கும். "ஆத்துல நான் பேசறது யாருக்கும் புரியறதில்லை. நிம்மதியா இருக்கேன்" என்பார், கொஞ்சம் பெருமையாகவே.

எழுதிய பக்கத்தை, கையேடு சொல்லும் வேலையைச் செய்கிற ஒருவரை உரக்கப் படிக்கவைப்பார். நாக்கு இடறினால் சொல்லை மாற்றுவார். பதினைந்து வருடமாக இந்த ஒரு சோதனைதான்.

இன்று அகப்பட்டவர் பொன்னுரங்கம். பக்கத்துக் குப்பத்துக்காரர், துறைமுகத்தில் கப்பலுக்குக் கயிறு கட்டுபவர். திங்கள்கிழமை முதல் கரையிலிருந்து கப்பலுக்கு மின்சாரம் கொடுக்கும் பிரிவுக்கு மாறுகிறார். மதியம் அச்சுக்குப் போகும் இந்தக் கையேடு அவர் கைக்குத்தான் போய்ச் சேரும்.

"இணைப்பைத் துண்டித்தபின் எஞ்சும் மின்னேற்றத்தை நிலத்துக்குக் கடத்துக."

மூன்று நாள் செதுக்கிய வரி. பொன்னுரங்கம் ஓர் இடத்திலும் இடறவில்லை. சூடாமணி கண்ணை மூடிக்கொண்டு, அலைச் சத்தத்தோடு சேர்த்துக் கேட்டார். சொல்லச் சொல்லக் கப்பல்கள் கரைக்கு நகர்ந்து வருவதுபோல் இருந்தது.

"சூப்பரா கீதும்மா. சாமி பாட்டு மாதிரி."

"படிச்சாச்சு. இப்போ என்ன பண்ணுவேள்?" சும்மாதான் கேட்டார்.

"இன்னா பண்றது, சுவிட்ச ஆஃப் பண்ணிட்டு ஒயர புடிப்பேன்."

சூடாமணி தாளை வாங்கி அந்த வரியைப் பார்த்தார். இதுவரை இடறாமல் படித்துக் காட்டிவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர்? ஒருவரிடமும் இதைக் கேட்டதில்லை. ஒயருக்குள் தங்கிய மின்சாரம் ஆளையே கொன்றுவிடும், முதலில் எர்த் போட்டு அதை மண்ணுக்குள் இறக்கவேண்டும் என்று தட்டுத்தடுமாறி விளக்கினார்.

பொன்னுரங்கம் தன் உள்ளங்கையைப் பார்த்தார்.

"அப்போ ஆஃப் பண்ணாலும் போவாதா? உள்ளயே படுத்துக்கினு கீதா?"

சூடாமணி பையைத் துழாவிப் பேனாவை எடுத்தார். தாளை முழங்கால்மேல் வைத்து, அந்த வரியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அடித்தார். அதன்மேல் பெரிய எழுத்தில், அவர் பேச்சிலேயே எழுதினார்: "ஆஃப் பண்ணாலும் கரண்ட் உள்ளயே படுத்துக்கினு கீது. எர்த் போடாம புடிக்காத."