நான்கு மணி நேரத் தூரம்

என் கணவருக்கு துபாயில் வேலை. ஒரு முறை லீவு முடிந்து தென்காசியிலிருந்து விடியுமுன் கிளம்பும்போது, "வாப்பா தூங்குதாங்க, எழுப்ப வேண்டாம். ஃபிளைட் நாலு மணி நேரந்தான, கூப்பிட்டா வந்துருவேன்" என்றார்.

சில மாதங்களில் மாமனார் காலமானார். எங்கள் வழக்கத்தில் உடலை அதிக நேரம் வைத்திருப்பதில்லை. துபாய்க்குச் சொல்லிவிட்டு, என் கணவருக்காக மாலைத் தொழுகை வரை பொறுத்தார்கள். "இனியும் வைக்கக்கூடாதும்மா" என்றார் பள்ளிவாசல் பெரியவர். அடக்கிவிட்டோம்.

கம்பெனியில் லீவு வாங்கி, டிக்கெட் கிடைத்து, திருவனந்தபுரத்தில் இறங்கி, புளியறை வழியாக அவர் வந்து சேர்ந்தது மறுநாள். பையை வைத்துவிட்டு, "எங்கன அடக்கியிருக்கு?" என்று மட்டும் கேட்டார். எனக்கு அழுகை வரவில்லை. டீ போட்டுக் கொடுத்தேன்.

இப்போதெல்லாம் அவர் கிளம்பும்போது, எந்த நேரமானாலும் மாமியாரை எழுப்பி உட்கார வைத்துவிடுகிறேன்.