அணைக்கப்பட்ட சாம்பல் நிறம்

எட்டுக் கணினிகளிலும் அந்தச் சாம்பல் நிறத்தை அணைத்தது நான்தான். ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் வரைபடப் பிரிவில் நான் சேர்ந்த முதல் வருடம் அது. ஒவ்வொரு வரைபடத்தின் கீழ்மூலையிலும் எடை, வரைந்தவர் பெயர் போன்றவற்றுக்கு ஒரு கட்டம் இருக்கும். புதிய தாளைத் திறந்ததுமே எடைக்கான இடத்தில் ‘250 கிலோ’ என்று மென்பொருள் தானாகக் காட்டும். அது இடத்தை நிரப்ப வைத்த மாதிரி எண், அவ்வளவுதான். உண்மையான எடையைக் கணக்கிட்டு நாங்கள்தான் அதன்மேல் அடிக்க வேண்டும். அடிக்கும்வரை எண்ணுக்குப் பின்னால் வெளிர்சாம்பல் நிறம் தெரியும். திரையில் மட்டும், காகிதத்தில் அச்சாகாது.

வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் பார்வையிட வரவிருந்தார்கள். திரை அழுக்காகத் தெரிகிறது, அந்த நிறத்தை எடுத்துவிடு என்று மேனேஜர் என்னிடம் சொன்னார். பக்கத்து இருக்கை அக்கா எழுந்து நின்றார். பிள்ளைப்பாக்கத்துக்காரர், பன்னிரண்டு வருடங்களாக அங்கே வரைந்துகொண்டிருந்தவர்.

“சார், அந்தக் கலர் போச்சுன்னா எது நாம போட்டது, எது சும்மா கீதுன்னு தெரியாது சார்.”

“பன்னெண்டு வருஷமாச்சு, கலர் இல்லாம வேலை பார்க்கத் தெரியாதாம்மா?” என்றார் அவர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று எழுதவே கூசுகிறது.

வாடிக்கையாளர்கள் வந்து போனார்கள். நிறம் திரும்பி வரவில்லை. இரண்டு மாதம் கழித்து, மகளுக்குக் காய்ச்சல் என்று அக்கா மூன்று நாள் விடுப்பெடுத்தார். வரைந்து முடித்திருந்த ஓர் இரும்புச் சட்டத்தின் வரைபடத்துக்கு எடை மட்டும் இன்னும் போடவில்லை என்று மேனேஜருக்கு மெயில் அனுப்பிவிட்டுத்தான் போனார். மேனேஜர் மெயிலைப் படிக்கவில்லை. திரையில் 250 இருந்தது. அக்கா திரும்புவதற்குள் ஒப்புதல் கொடுத்துவிட்டார். அதை நம்பித்தான், சட்டத்தைக் கிரேனில் கட்டித் தூக்கும் பெல்ட்டைப் பட்டறையில் தேர்ந்தெடுத்தார்கள். சட்டமோ தொள்ளாயிரம் கிலோவுக்கு மேல். பெல்ட் அறுந்து, விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து பென்னலூரில் அறையெடுத்துத் தங்கியிருந்த ஒரு தொழிலாளியின் இடதுபாதம் நசுங்கியது.

எங்கள் பிரிவினர் எல்லாரையும் உட்காரவைத்து நிர்வாகம் நடத்திய விசாரணையில், ‘என் கவனக்குறைவே காரணம்’ என்று தட்டச்சு செய்த கடிதத்தை அக்காவின் முன் நகர்த்தினார்கள். அவர் பேனாவைத் தொடவில்லை.

“மெயில் போட்டுட்டுத்தான சார் போனேன். கையெழுத்துப் போட மாட்டேன்.”

“டெய்லி நூறு மெயில் வருது. டிராயிங்ல தெளிவா 250ன்னு இருந்துச்சு,” என்றார் மேனேஜர்.

அதற்குமேல் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. கூட்ட அறையின் பெரிய திரையில் அதே வரைபடத்தைத் திறந்து, நிறத்தைத் திரும்பப் போட்டேன். 250க்குப் பின்னால் சாம்பல் தெரிந்தது. “சார் சொல்லித்தான் நான் ஆஃப் பண்ணேன்,” என்றேன்.

கடிதத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். ஒரு வாரத்தில் அறிக்கை வந்தது: தொழிலாளி நிற்கக்கூடாத இடத்தில் நின்றதே விபத்துக்குக் காரணம். வரைபடத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அக்காவின் தலையில் இறக்க முடியாத பழியை, அந்த அறைக்குள் வரவே வழியில்லாத ஒருவன் தலையில் இறக்கியிருந்தார்கள். எழுதியவர்களுக்குக் கை கூசவில்லையா என்று அன்று கேட்டேன். இன்றும் கேட்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் அவன் அறைக்குப் போனோம். அக்கா எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். அவன் கட்டுப்போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அப்ப நான் நின்ன எடத்துல தப்பில்லையாக்கா?”

“நீ நிக்க வேண்டிய எடத்துலதான் நின்னுகினு இருந்த.”

“இத எழுதித் தருவீங்களா? ஊர்ல அப்பா என்னையத்தான் திட்டுறாரு.”

அக்கா கைப்பையிலிருந்து நோட்டை எடுத்து, நடந்ததை முழுப் பக்கத்துக்கு எழுதி, தன் பெயரையும் பணி எண்ணையும் போட்டுக் கையெழுத்திட்டார். கீழே நானும் போட்டேன்.

எங்கள் இருவருக்கும் இப்போது வேறு வேலை. மேனேஜருக்குப் பதவி உயர்ந்துவிட்டது. அந்த அறிக்கையை இன்றுவரை யாரும் திருத்தவில்லை.