உரிமையாளரின் கைபேசி எண்

எங்கள் வீட்டில் இருப்பது உடும்பு இல்லை என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. பால்காரரிடம் சொன்னேன், சிலிண்டர் கொண்டுவருபவரிடம் சொன்னேன், குழாய் ரிப்பேருக்கு வந்து வாசலோடு திரும்பி ஓடியவரிடம் பின்னாலேயே போய்ச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டுவார்கள், தெருமுனை திரும்பியதும் மறுபடி உடும்பு என்பார்கள். அதன் பெயர் இகுவானா. தென் அமெரிக்கப் பக்கத்து உயிர். பச்சை உடம்பு, முதுகு நெடுகச் சீப்புப் பல் மாதிரி முள், தாடைக்குக் கீழே தொங்கும் தோல். கீரையும் பூவும்தான் தின்னும். மொரப்பூரில் இந்த நுணுக்கமெல்லாம் எடுபடாது. நான்கு காலும் நீள வாலும் இருந்து, பல்லியைவிடப் பெரிதாகவும் இருந்தால் அது உடும்பு. உடும்பு என்றால் முதுகுவலிக்கு மருந்து. அவ்வளவுதான்.

அதைக் கொண்டுவந்தது நான் இல்லை, என் மனைவி. அவளுடைய அக்கா மகன் பெங்களூரில் வேலை பார்த்தான். வெளிநாடு போகிற நேரத்தில், இதை யாரிடம் விடுவது என்று அவன் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, இவள் ஒரு ஆப்பிள் பெட்டியில் ஓட்டை போட்டு வாங்கிவந்துவிட்டாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நாய் வளர்க்கலாம் என்று நான் சொன்னபோதெல்லாம் முடி கொட்டும் என்று மறுத்தவள், இதற்கு மட்டும் ஒரு அறையையே ஒழித்துக் கொடுத்தாள். பெயர் எதுவும் வைக்கவில்லை. ‘டேய்’ என்றுதான் கூப்பிடுவாள். நான் மின்சார அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதன் கூண்டில் சூட்டுக்காக இரண்டு விளக்குகள் பகலெல்லாம் எரிவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். கரண்ட் போனால் அவள் வெந்நீரைப் பாட்டிலில் ஊற்றித் துணி சுற்றி அதன் பக்கத்தில் வைப்பாள். எனக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட இந்த உபசாரம் நடந்ததாக நினைவில்லை.

வெளிநாட்டுப் பிராணிகளை வைத்திருப்பவர்கள் அரசு இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும் என்ற விதி வந்ததும், முதல் ஆளாக உட்கார்ந்து பதிந்தவளும் அவள்தான். பிறந்தால் சொல்ல வேண்டும், கைமாறினால் சொல்ல வேண்டும், செத்தால் மருத்துவரின் அறிக்கையோடு சொல்ல வேண்டும். ரேஷன் கார்டில் என் தகப்பன் பெயரைத் திருத்த நான் அலைந்த அலைச்சல் ஊருக்கே தெரியும். இந்தப் பல்லிக்கு நோகாமல் சான்றிதழ் வந்தது. அதை அச்செடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டு, பீரோவில் எங்கள் கல்யாண போட்டோவுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

போன ஆடியில் அவள் இறந்துபோனாள். நெஞ்சு வலி என்று தர்மபுரிக்குக் கூட்டிப்போனேன், தனியாகத் திரும்பி வந்தேன். காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் மூட்டை கட்டியபின், வீட்டில் உயிரோடு இருந்தது நானும் அதுவும்தான். முதலில் கடமைக்காகத்தான் தீனி வைத்தேன். முருங்கைக் கீரை, பூசணித் துண்டு, செம்பருத்திப் பூ. பிறகு ஒருநாள் கவனித்தேன், காலையில் எழுந்து நான் பேசுகிற முதல் வார்த்தை ‘டேய்’ என்பதாக இருந்தது. பல நாள் கடைசி வார்த்தையும் அதுதான். வேறு யாரிடம் பேசுவது?

பக்கத்து வீட்டுக்காரர் டிராக்டர் ஓட்டி ஓட்டி இடுப்பு போனவர். ஒருநாள் வேலியோரம் வந்து நின்றார்.

“சார், தப்பா நெனைக்காதீங்க. அம்மா இருந்தவரைக்கும் கேக்கல. இனி அத வெச்சி நீங்க என்னாங்க பண்ணப்போறீங்க? அறுத்தா எனக்குக் கொஞ்சம் கொழுப்பு குடுங்க. இடுப்புல தேச்சா நின்னுடும்னு சொல்றாங்க.”

“அது உடும்பு இல்லீங்க” என்று கத்தினேன். அவர் பயந்துபோய்விட்டார். டீக்கடையில் போய், சார் உடும்பை வைத்துக்கொண்டு ஒரு துளி கொழுப்பு தர மாட்டேன் என்கிறார் என்று குறைபட்டிருக்கிறார். அங்கே கேட்ட யாரோ வனத்துறைக்குப் போன் போட்டுவிட்டார்கள். உடும்பு வைத்திருந்தால் ஜெயில் என்பதும் இந்த ஊருக்கு நன்றாகத் தெரியும்.

வந்தவர் ஒரு பெண் அதிகாரி. கூட வந்த காவலர் கையில் சாக்கோடு நின்றார். சாக்கைப் பார்த்ததும் பீரோவைத் திறந்து சான்றிதழை நீட்டினேன். அவர் அதில் ஒட்டியிருந்த போட்டோவையும் கூண்டையும் மாறி மாறிப் பார்த்தார். போட்டோவில் அது ஒரு கையின் மேல் படுத்திருக்கும். பச்சைக் கண்ணாடி வளையல் போட்ட கை.

“உடும்பு இல்ல, சரிங்க சார். இது யாரு கை?”

“எங்க வூட்டுக்காரம்மாதுங்க.”

“பேப்பர் அவங்க பேர்லதான இருக்குது. கொஞ்சம் கூப்பிடுங்க.”

“இல்லீங்க” என்றேன். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. காவலரைச் சாக்கோடு வெளியே போய் நிற்கச் சொன்னார்.

“நீங்க உங்க பேருக்கு மாத்தியிருக்கணுங்க சார். இப்ப சட்டப்படி பாத்தா இது யாரோடதும் இல்ல. சீக்கிரம் எழுதிப்போடுங்க. இல்லன்னா சென்னைக்கு, உயிரியல் பூங்காவுக்குத்தான் அனுப்பியாகணும்.”

யாரோடதும் இல்ல. அவர் போன பிறகு அந்த வார்த்தை வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது.

வாரிசுச் சான்றிதழும் இறப்புச் சான்றிதழும் எடுத்துக்கொண்டு அரூரில் ஒரு பிரௌசிங் சென்டருக்குப் போனேன். அங்கிருந்த பெண் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு, “ஓடிபி சொல்லுங்க சார்” என்றாள். அது பழைய உரிமையாளரின் எண்ணுக்குத்தான் போகுமாம். என் மனைவியின் போனை நான் அணைத்து, சேலைகளுக்கு நடுவே வைத்திருந்தேன். எடுக்கவே தைரியம் வந்ததில்லை. மறுநாள் ரீசார்ஜ் செய்து, சார்ஜ் போட்டுக் கொண்டுபோனேன். திறந்ததும் தொடர்ந்து செய்திகள் வருகிற சத்தம். வளையல் கடைக்காரர் வணக்கம் வைத்திருந்தார். கண் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அவள் இல்லாதது இவர்களில் ஒருவருக்கும் தெரியாது. அந்தக் கடையிலேயே, அத்தனை பேர் நடுவில், அழுதேன். அந்தப் பெண் திரையைப் பார்த்தபடியே காத்திருந்தாள்.

ஓடிபி வந்தது. சொன்னேன். பழைய உரிமையாளர் என்ற இடத்தில் அவள் பெயரும், புதிய உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயரும் ஏறின.

“உங்க மொபைல் நம்பர் சார்?”

என் மனைவியின் எண்ணையே சொன்னேன்.

“அது பழைய நம்பராச்சே சார்?”

“அதேதாம்மா. போடு.”

அதன்பிறகு அந்தப் போனை அணைக்கவில்லை. அவள் எப்போதும் வைக்கிற இடத்தில், சமையலறை அலமாரியில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். மாதாமாதம் ரீசார்ஜ் செய்கிறேன். கிறுக்கு என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும்.

பதிவு மாற்றப்பட்டது என்ற செய்தி ஒரு வெயில் நேரத்தில் வந்தது. நான் கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அது ஜன்னலோரம் கண்ணை மூடி வெயில் காய்ந்துகொண்டிருந்தது. சமையலறையில் அவள் போன் ஒலித்தது. அது சட்டென்று கண்ணைத் திறந்து, தலையைத் தூக்கி, சமையலறை வாசலைப் பார்த்தது. நானும் பார்த்தேன்.

கீரையைக் கீழே வைத்துவிட்டு, “வர மாட்டாடா” என்றேன். அது தலையை இறக்கவே இல்லை.